வெயிலுக்குப் பூட்டு

அந்த வீட்டில் அடுப்பு இரண்டு, மீட்டர் இரண்டு, வாசல் இரண்டு. மொட்டைமாடி மட்டும் ஒன்று. மேல்தளம் மூத்தவனுக்கு, கீழ்த்தளம் இளையவனுக்கு என்று சாவி வளையம் வரைக்கும் பிரித்து எழுதிவைத்த மாமியார், பத்திரத்தின் கடைசி வரியில் 'மொட்டைமாடி இருவருக்கும் பொது' என்று எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் பிரிக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். ஒன்பது வருஷமாக இரண்டு மருமகள்களும் முறைத்துக்கொண்டு நின்றதும் அந்த ஒன்றுக்காகத்தான்.

சின்னவளுக்கு அது மாடியே அல்ல, பட்டறை. ஒரு ஆஸ்பத்திரிக்கும் இரண்டு விடுதிகளுக்கும் அவள்தான் துணி வெளுத்துக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு எழுபது படுக்கை விரிப்பு, அதற்கேற்ற தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகள். ரத்தக் கறை உள்ளதைத் தனியே பொறுக்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்; வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகுதான் சோடாவும் கொதிதண்ணீரும். மூன்று முறை அலசி, மெஷினில் சுற்றவிட்டு, ஈரக் கூடையை இடுப்பில் ஏற்றினால் மாடிக்கு முப்பத்துநான்கு படி. நாளைக்கு ஒன்பது நடை. மாடியில் இரும்புக் குழாய்களை நட்டு ஏழு கம்பி இழுத்துக் கட்டியிருந்தாள். காலை ஒன்பதுக்குப் போட்டது பன்னிரண்டுக்கெல்லாம் அட்டை மாதிரி விறைத்துவிடும். வெயிலில் காய்ந்த துணியில் வாடை இருக்காது என்பதற்காகத்தான் ஆஸ்பத்திரி அவளை விடாமல் வைத்திருந்தது. வெயில் அவளுக்குக் கூலி கேட்காத கூட்டாளி.

பெரியவளுக்கு அது மானப் பிரச்சினை. துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் அவள் பால்கனியில் விழும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தர் வேட்டியிலேயே விழுந்தது. "என்ன செய்ய, ஊரான் வீட்டு அழுக்கெல்லாம் எங்க தலைக்கு மேலதான் காயுது" என்று பெரியவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். படிக்கட்டு வழியாக அந்தப் பேச்சு கீழே இறங்கி வந்தது. அழுக்கை எடுப்பவளைப் பார்த்து அழுக்கு என்று சொன்னதைச் சின்னவள் மறக்கவில்லை. மறக்கிற ஜாதியே இல்லை அவள். அன்றைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. பாத்திரத்தோடும் கதவோடும் பேசிக்கொண்டார்கள்.

பெரியவளின் புருஷன், சின்னவளுக்கு மூத்தார், பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பது வருஷம் நோட்டில் எழுதிய கை. அவருக்கு மாடியில் சூரிய மின்சாரம் போட வேண்டும் என்ற ஆசை வந்தது. மேல்தளத்துக்குச் சூடு இறங்காது, கரண்டும் மிச்சம். கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து அளந்து, இருபத்துநான்கு அடி அகல மாடியில் மேற்குக் கைப்பிடிச்சுவரை ஒட்டிப் பதினாறடிக்குப் பேனல் என்று படம் போட்டுக் கொடுத்தார். கிழக்கே எட்டடி மிச்சம். அந்த எட்டடியில் தம்பி பெண்டாட்டி மூன்று கம்பி கட்டிக்கொள்ளட்டும் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். பாதி மாடிகூட இல்லை அது. ஆனால் கொடுக்கிறவர் குரலில் முழு மாடியையும் தானம் செய்கிற தோரணை இருந்தது.

சின்னவளின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் குடலுக்குள் ஏறி இறங்குகிறவன். வீட்டுக்குள் மட்டும் நடுமாடியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி, மேலேயும் போகமாட்டான், கீழேயும் வரமாட்டான்.

"எட்டடி குடுக்கறாருல்ல. வாங்கிக்கிட்டுப் போ. விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்ல" என்றான்.

"ஏழு கம்பித் துணிய மூணு கம்பியில எப்படிங்க போடறது? ஒண்ணு மேல ஒண்ணு போட்டா காயாது, வாடை அடிக்கும். வாடை அடிச்சா ஆஸ்பத்திரிக்காரன் மூட்டையத் திருப்பி அனுப்புவான். அப்புறம் நீங்க விட்டுக்கொடுத்ததைத் தட்டுல போட்டுச் சாப்பிடலாம்."

"அண்ணன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க எப்பவும் அதைத்தானே சொல்வீங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

வீட்டில் ஒரு புத்தகம் இருந்தது. மின்சார வேலைக்கான விதிப் புத்தகம். லைசன்ஸ் புதுப்பிக்கும் பரீட்சைக்காகப் புருஷன் வாங்கியது, செங்கல் தடிமன். மெஷின் ஒரு தடவை சுற்றி நிற்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் சின்னவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதைப் படிக்க ஆரம்பித்தாள். பத்தாவதுவரை படித்தவள்தான். முதல் வாரம் ஒரு பக்கமும் தலையில் ஏறவில்லை. ஆனால் பகைக்கு இருக்கிற பொறுமை பக்திக்கு இருக்காது. சோப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பக்கங்கள் உப்பிப்போயின. மூன்றாவது மாதம், சூரிய மின்சாரத்துக்கென்று இருந்த அத்தியாயத்தை அவள் பாடம் ஒப்பிப்பாள்.

அவளுக்குப் பிடித்துப்போன சங்கதி ஒன்று அதில் இருந்தது. மற்ற மின்சாரத்தை மெயின் சுவிட்சை இறக்கிக் கொன்றுவிடலாம். சூரியத் தகட்டை அப்படிக் கொல்ல முடியாது. வெயில் இருக்கிற வரைக்கும் அது கரண்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வீடு பற்றி எரிந்து தீயணைக்கிறவன் குழாயோடு மாடி ஏறினால், அணைக்க வந்தவனையே அது அடிக்கும். அதனால்தான் இத்தனை விதி. மாடியின் ஓரங்களில் மூன்றடி நடைபாதை விட வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கு அடியிலும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும்; கீழே இருக்கிற சுவிட்சின் கைப்பிடியை இறக்கியதும் அரை நிமிஷத்தில் அது தகட்டின் வேகத்தை அடக்கிவிடும். அந்தக் கைப்பிடி, மாடி ஏறாமலே எவனும் ஓடிவந்து இழுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். தகட்டின் சட்டம் ஒவ்வொன்றுக்கும் எர்த் கம்பி போக வேண்டும். சிவப்புப் பலகையில் எச்சரிக்கை எழுதி மாட்ட வேண்டும்.

இன்ஜினியரின் படத்தில் இதில் பாதி இல்லை. புருஷன் பைக்குள் மடித்து வைத்திருந்த நகலை எடுத்துப் பார்த்தபோதே சின்னவளுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. இதுதான் அவள் செய்த வேலையிலேயே கெட்ட வேலை. நான்கு கம்பியை அறுத்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தாள். சாரம் ஏற்றினார்கள், போல்ட் முடுக்கினார்கள், சுவரோடு சுவராகப் பதினாறடிக்கும் தகடு பதித்தார்கள். மூன்று கம்பியில் எழுபது விரிப்பை நெருக்கிப் போட்டுக்கொண்டு, மாலையிலும் காயாததை ராத்திரி ஃபேனில் காயவைத்துக்கொண்டு, எல்லாம் இறுகட்டும் என்று காத்திருந்தாள். இறுகியபின் கழற்றினால்தானே வலிக்கும். இணைப்புக் கொடுக்க மின்வாரிய ஆய்வாளர் வருகிற நாள் தெரிந்ததும், நான்கு பக்கத்துக்கு மனு எழுதி, ஒவ்வொரு குறைக்கும் நேராக விதி எண் போட்டு, மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆய்வாளர் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்கிற முகம். பெரியவள் தட்டில் கொண்டுவந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. மாடிப்படியில் சின்னவள் மனுவை நீட்டியபோது மூத்தாரின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மாள் நின்ற இடத்திலேயே நான்கு பக்கத்தையும் படித்தார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

அரை மணி நேரம் டேப் மட்டும்தான் பேசியது. மேற்கே நடைபாதை இல்லை. முன்னும் பின்னும் இல்லை. அடக்கும் பெட்டி இல்லை. கைப்பிடி மாடிக்கதவுக்கு உள்ளே இருந்தது. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு ஆய்வாளர் இன்ஜினியரைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"இந்த அம்மா எழுதினது ஒரு வரிகூடத் தப்பில்ல சார். எல்லாத்தையும் கழட்டி மறுபடி போடணும். அதுவரைக்கும் இணைப்பு கிடையாது" என்றார் மூத்தாரிடம்.

சின்னவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தக் குளிர்ச்சி அவளுக்குக் கிடைத்ததில்லை. பெரியவளைத் தேடிப் பார்த்தாள். பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை ஆசை தீரப் பார்த்து முடிப்பதற்குள் ஆய்வாளர் கிழக்குப் பக்கம் போய்விட்டார். அங்கே கழுத்து உயரத்தில் ஓடிய கம்பியை விரலால் சுண்டினார்.

"இது யாருது?"

"என்னுது மேடம். துணி காயப்போட."

"இதையும் எடுத்துடுங்க. நீங்க எழுதின விதிதான். நடைபாதைன்னா ஒண்ணும் இருக்கக் கூடாது. புகையில ஒருத்தன் ஓடி வந்தா இந்தக் கம்பி அவன் கழுத்த அறுத்துடும். அந்த இரும்புக் குழாயும் ஆகாது. பேனலுக்குக் கை எட்டற தூரத்துல எர்த் இல்லாத இரும்பு நிக்கக் கூடாது."

"மேடம், எட்டடி எனக்குன்னு விட்டிருக்காங்க. மூணடி போனாலும் அஞ்சடி இருக்கே."

ஆய்வாளர் பதில் சொல்வதற்குள் இன்ஜினியருக்கு உயிர் வந்துவிட்டது. மனுஷன் பென்சிலை எடுத்தார். மேற்கே மூன்றடி, கிழக்கே மூன்றடி, நடுவில் பதினெட்டடி. முன்னாலும் பின்னாலும் பாதைக்குப் போகிற தகடுகளை நடுவிலேயே அகலத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது என்றார். ஆய்வாளர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இது சரி என்று கையெழுத்துப் போட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லிவைத்தவன் எந்த மழைக்காலத்தில் எதைக் கேட்டுவிட்டுச் சொன்னானோ, அன்றைக்கு அது அந்த மாடியில் நடந்தது. எட்டடியும் போயிற்று. கேட்டு வாங்கி, விதி எண் போட்டு, தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துத் தொலைத்தாள்.

கம்பிகளை அவிழ்க்க மூத்தார் மறுநாள்வரை பொறுக்கவில்லை. குழாய்களைப் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி, அவள் வாசலில் கொண்டுவந்து போட்டார். பின்னாலேயே பெரியவள் இறங்கி வந்தாள். அந்தப் பால்கனிப் பேச்சுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"படிச்சவளாச்சே. இனிமே காயப்போடறதுக்கும் ஏதாவது பக்கம் இருக்கா பாரு."

சின்னவள் அன்று அழுதாள். தோற்றதற்காக அல்ல. எட்டடியையும் மூன்று கம்பியையும் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் பாதி வேலையாவது மிஞ்சியிருக்கும் என்பது தெரிந்ததால் அழுதாள்.

அடுத்த மூன்று வாரம் அந்தக் கீழ்வீட்டில் மனிதர் இருக்க முடியவில்லை. கூடத்தில், சமையலறையில், கட்டிலுக்கு மேலே என்று கயிறு கட்டி விரிப்புகள் தொங்கின. சோறு தின்கிறபோது தலையில் ஈரத்துணி தட்டியது. நான்கு ஃபேன் ஓடியும் நடுப்பகுதி காயாது. மடித்தால் உள்ளே குளிரும். இஸ்திரிப் பெட்டியை வைத்து ஈரத்தை உறிஞ்சினாள். சூட்டில் வாடை இன்னும் கிளம்பியது. காயவைக்கிற மெஷின் வாங்கலாமென்றால் அது தின்கிற கரண்டுக்கு அவள் வெளுத்துக் கொட்டினாலும் கட்டாது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மேலாளர் ஒரு விரிப்பை மோந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், பிறகு வேறு ஆள் என்றார். ஒரு விடுதி அந்த ஒரு வாரம்கூடப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் இரண்டாம் முறை வந்தபோது எல்லாம் விதிப்படி இருந்தது. ஒவ்வொரு தகட்டுக்கு அடியிலும் பெட்டி. சுற்றிலும் மூன்றடிப் பாதை, துடைத்துவிட்ட மாதிரி. கைப்பிடி கீழே, தெருவிலிருந்து நேராக வந்து இழுக்கும்படி மீட்டருக்குப் பக்கத்தில். மேல்வீட்டு மீட்டரும் இருந்தது சின்னவளின் வாசல் சுவரில். நிலைக்கதவிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. மூத்தார் கைப்பிடியையும் அவள் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு ஒரு கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டிவிடவா என்று கேட்டார்.

"கூடாது சார். அவசரத்துக்கு யார் வேணும்னாலும் இழுக்கணும்."

"சரி, கைப்பிடியையாவது மேல ஏத்தின நெலையில பூட்டிக்கிறேன். கண்டவங்க இறக்கிடக் கூடாதுல்ல."

"அதுல பாருங்க, பூட்டு மாட்ட ஓட்டை ஒரே பக்கம்தான் இருக்கும். இறக்கின நெலையில மட்டும்தான் பூட்டலாம். மாடியில வேலை செய்யறவங்க இறக்கிப் பூட்டிட்டு, சாவியத் தன்கிட்டவே வெச்சுக்கணும். அவங்க இறங்கி வர்ற வரைக்கும் வேற யாரும் தொடக் கூடாது. உயிர் சமாச்சாரம்."

பெரியவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்கே இணைப்புக் கிடைத்தது. மேல்வீட்டில் குளிர்சாதனம் பகலிலும் உறுமியது. மூத்தார் டிப்போவில் உட்கார்ந்தபடியே போனில் எத்தனை யூனிட் என்று பார்த்துப் பார்த்துச் சிரிப்பதாக, அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே பெரியவள் தெருவெல்லாம் சொன்னாள்.

அன்று ராத்திரி சின்னவள் புருஷனிடம் அவன் பூட்டைக் கேட்டாள். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மெயினை இறக்கித் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். எதற்கு என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவ்வளவு அசடில்லை அவன்.

"அது உயிருக்குப் போடற பூட்டு. சண்டைக்குப் போடறது இல்ல" என்றான். "ஷாஃப்டுக்குள்ள நிக்கறப்ப மேல எவனாவது விளையாட்டுக்கு ஒரு பூட்டு போட்டான்னு வெச்சுக்க, அப்புறம் எந்தப் பூட்டையும் எவனும் நம்பமாட்டான். வேண்டாம்."

ஒன்பது வருஷத்தில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நியாயமான பேச்சும்தான். அவளும் அதை மறுக்கவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த வாரத்தின் கடைசி நாள். ஒரு மேகம் இல்லை. காலை பத்தரைக்கு முதல் கூடையை மெஷினிலிருந்து எடுத்து, வாசலில் இறக்கி வைத்தாள். கைப்பிடியை இழுத்து இறக்கினாள். அது 'டக்' என்று விழுந்தது. ஓட்டையில் பூட்டை மாட்டி அழுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மனசுக்குள் முப்பது வரை எண்ணினாள். அவ்வளவு ஆத்திரத்திலும் அந்த அரை நிமிஷத்தை அவள் விட்டுவிடவில்லை. பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முப்பத்துநான்கு படி ஏறினாள்.

மேல்வீட்டில் ஃபேன் நிற்கவில்லை. தெருக் கரண்டு தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தகட்டுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. முதல் விரிப்பை உதறி அதன்மேல் விரித்தாள். சாய்வாகப் போட்ட தகடு, சுருக்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது, மூன்றாவது. பாதையில் நின்றபடி கை எட்டுகிற தகடுகளில் எல்லாம் விரித்து முடித்தாள். கீழே சூடு, மேலே வெயில். கடைசி விரிப்பைப் போட்டுவிட்டுத் திரும்புகிறபோது முதல் விரிப்பின் ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. கம்பியில் மூன்று மணி நேரம் ஆவது இங்கே கால்மணியில் ஆகும்போலிருந்தது. மோந்து பார்த்தாள். வாடை இல்லை. வெயில் வாசம்தான்.

இரண்டாவது கூடைக்கு இறங்கத் திரும்பியபோது பெரியவள் படியேறி வந்தாள். காதில் போன். டிப்போவிலிருந்து டைம்கீப்பர் கூப்பிட்டிருக்கிறார், சைபர் காட்டுகிறதென்று. மாடிக்கதவிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டுப் பேனலெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்களாக வெள்ளை போர்த்திப் படுத்திருந்தன.

"என்ன பண்றே நீ?"

"வேலை செய்யறேன்க்கா."

"யாரைக் கேட்டுச் சுவிட்சை இறக்கினே?"

"மாடியில வேலை செய்யறவங்க இறக்கிப் பூட்டிட்டு, சாவியத் தன்கிட்ட வெச்சுக்கணும். அந்தம்மா சொன்னப்ப நீங்களும் நின்னீங்களே. பாதையில ஒரு நூல் கெடக்கா பாருங்க. மாடி பொதுன்னு அத்தை எழுதியிருக்காங்க."

பெரியவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். உள்ளே மூத்தார் இரைவது கொசு மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

"எனக்கும் மனு எழுதத் தெரியும்."

"எழுதுங்கக்கா. புத்தகம் கீழதான் இருக்கு, எடுத்துக்கங்க. எனக்குப் படிக்க மூணு மாசம் ஆச்சு. உங்களுக்குக் கொஞ்சம் கூடவே ஆகும்."

பெரியவள் நெருங்கி வந்து விரிப்பின் ஒரு முனையைப் பற்றினாள். உருவி எறியத்தான் பற்றினாள். சின்னவள் தடுக்கவில்லை. அந்த விரிப்பின் ஓரத்தில் எத்தனை அலசினாலும் போகாத பழுப்புக் கறை ஒன்று இருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். கை தானாக விட்டுவிட்டது. விட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்படித் துடைத்ததைச் சின்னவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சநஞ்சம் இரக்கம் எங்காவது ஒட்டியிருந்தால் அதுவும் அப்போது போய்விட்டது.

"சாவியக் குடு" என்றாள் பெரியவள்.

சின்னவள் காலிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வெயில் இறங்கட்டும்க்கா, தர்றேன்."

அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.